கொத்தவால் சாவடியும் கோயம்பேடும்

சென்னைக்குக் காய்கறி அனுப்பும் குடியானவர்களில் அநேகர், தரகர் கொடுக்கும் பட்டியலைக் கண்டிருப்பார்களேயன்றிச் சந்தையைக் கண்டிரார். சரக்கு எங்கே இறங்கி எவ்வாறு விலையாகிறது என்பதை அறிந்தாலொழியப் பட்டியலின் நியாய அநியாயம் விளங்காது.

1996 வரையில் அச்சரக்கு ஜார்ஜ் டவுனிலுள்ள கொத்தவால் சாவடியில் இறங்கிற்று. கொத்தவால் என்பவர் முற்காலத்தில் நகரக் காவலையும் கடைவீதி ஒழுங்கையும் மேற்பார்த்த அதிகாரியாவார். துறைமுகமும் ரயில் நிலையமும் அருகிலிருந்தமையால் அவ்விடம் வியாபாரத்திற்கு வசதியாயிருந்தது. ஆனால் அத்தெருக்கள் கட்டை வண்டிக்கும் கைவண்டிக்கும் ஏற்பட்டவை. லாரிகள் பெருகியபின் சரக்கு தெருமுனையிலேயே காத்துக் கிடந்தது. அழுகல் கழிவும் சேறும் தெருவை நிறைத்தன. காத்திருந்த நேரத்தில் வாடிய கீரைக்கு விலை குறைந்தால் அந்நஷ்டம் விளைவித்தவனையே சார்ந்தது.

1996ல் மொத்த வியாபாரம் கோயம்பேட்டிற்கு மாற்றப்பட்டது. காய், கனி, பூ ஆகியவற்றிற்குத் தனித்தனிப் பகுதிகளும், 3,000க்கு மேற்பட்ட கடைகளும் அங்கு உள்ளன. நீலகிரியின் மலைக்காய்கறியும், ஆந்திர, கர்நாடகத் தக்காளியும், நாசிக் வெங்காயமும் இரவில் வந்திறங்க, விடியுமுன் பெரும்பகுதி விற்றுவிடுகிறது.

இடம் மாறிற்று, கணக்கு மாறவில்லை. உதாரணமாக, ஒருவர் 40 பெட்டி தக்காளி அனுப்புவதாகவும், பெட்டி 200 ரூபாய் விலை போவதாகவும் கொள்வோம். வரவு 8,000 ரூபாய். நூற்றுக்குப் பத்து வீதம் தரகு 800. பெட்டிக்கு 25 வீதம் லாரி வாடகை 1,000. பெட்டிக்கு 5 வீதம் இறக்கு கூலி 200. மிச்சம் 6,000. மறுவாரம் விலை 100 ஆக இறங்கினால் வரவு 4,000. தரகு 400 ஆகக் குறையும், ஆனால் வாடகையும் கூலியும் குறையா. மிச்சம் 2,400 மட்டுமே. விலை பாதியானபோது கைக்கு வந்தது பாதியினும் குறைவு. பறிப்புக் கூலி இதில் சேரவில்லை. அழுகிய பெட்டிக்கும் வாடகை உண்டு. ஆகையால் விலை சரிந்த நாளில் சொத்தையையும் பொடிக்காயையும் நிறைவுக்காகச் சேர்த்தனுப்புவது, பணம் கொடுத்துக் குப்பை ஏற்றுவதேயாகும். தூரதேசம் செல்லும் தக்காளியை நிறம் திரும்பும் பருவத்திலேயே பறித்து, நிழலில் ஆறவைத்து, தரம் பிரித்து அடுக்க வேண்டும்.

ஒரே சந்தையை நம்புவதன் அபாயம் 2020ல் வெளிப்பட்டது. கொரோனா தொற்றுப் பரவியதால் மே மாதத்தில் கோயம்பேடு மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் திருமழிசையில் திறந்த வெளிக்கு மாற்றப்பட்டது. மழை நாட்களில் அங்கு சரக்கும் மனிதரும் சேற்றில் நின்றனர். செப்டம்பரில்தான் காய்கறிக் கடைகள் திரும்பின.

தரகில்லாத வழியும் ஒன்றுண்டு. 1999 நவம்பர் 14ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையில், அடையாள அட்டை பெற்ற குடியானவர் தாமே தராசு பிடித்து விற்கிறார். அன்றன்று குறிக்கப்படும் விலை, மொத்த விலைக்கு மேலாகவும் சில்லறை விலைக்குக் கீழாகவும் அமைகிறது. ஆயினும் சிறிதளவு விளைவிப்போருக்கே இது முற்றும் பொருந்தும். லாரிக்கணக்கில் விளைவிப்போர் கோயம்பேட்டை விட இயலாது. அன்னார் பறிப்பதற்கு முந்திய மாலையில் இரண்டு மண்டிகளிலேனும் தொலைபேசியில் விலை விசாரித்து, பெட்டிகளின் எண்ணிக்கையைத் தம் கணக்கிலும் லாரிச் சீட்டிலும் எழுதி வைத்துக்கொண்டால், பட்டியல் வந்தபின் ஒத்துப் பார்க்க உதவும்.