பேய் வாயில் கொத்தவரங்காய்

அன்பு மருமகனுக்கு,

சேலத்திலிருந்து மாமா எழுதுகிறேன். நீ எடுத்த பேய்ப்படம் பார்த்தேன். புனே விஷ்ராந்த்வாடி மொட்டைமாடியும், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் பேயும், நடுநடுவே விமான இரைச்சலும் ஜோர். பேய் வாயில் வழிய வேண்டிய கொழகொழப்புதான் வழியாமல் உருண்டையாகத் தொங்குகிறது. பசையில் வெண்காரம் கலந்த விளையாட்டு ஸ்லைம்தானே அது?

பசைக்குள் நீள நீளமான இழைகள் உண்டு. வெண்காரம் அவற்றை முடிச்சுப் போட்டுவிடும். பிசைந்து விளையாட அது சரி. சினிமாவுக்கு மெல்ல இறங்கி, நூல் விட்டு, மினுங்கி, கழுவினால் போய்விட வேண்டும். வெண்காரம் வாய்ப் பக்கமே போகக் கூடாது. விழுங்கினால் கேடு, கண்ணில் பட்டால் எரியும். 1984-ல் வந்த 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' ஆவிகளுக்குப் பூசியது மெத்தில் செல்லுலோஸ், தின்பண்டங்களைக் கெட்டியாக்கச் சேர்க்கிற மாவு.

உனக்கு நான் சொல்வது கொத்தவரங்காய். சிரிக்காதே. அங்கே சந்தையில் 'கவார்' என்று கூவி விற்கிறார்களே, அதன் விதையிலிருந்து வருவதுதான் குவார் கம். பெரும்பாலும் ராஜஸ்தான் சரக்கு. 1976-ல் அமெரிக்காவில் மாட்டெல் கம்பெனி டப்பாவில் அடைத்து விற்ற ஸ்லைமும் இதை வைத்துச் செய்ததுதான். கேக் சாமான் விற்கும் கடையில் கேட்டுப் பார்.

1 லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் மாவு போதும். நேரே கொட்டினால் கட்டி தட்டும். களி கிண்டிய கைகளுக்கு இது தெரியும், பாட்டியைக் கேள். முதலில் மாவை மூன்று மேசைக்கரண்டி கிளிசரினில் குழைத்துக்கொள். கிளிசரினில் மாவு ஊறாது, துகள் துகளாகப் பிரிந்து நிற்கும். பிறகு தண்ணீரை மத்தால் கடைந்துகொண்டே அதை விடு. அரை மணியில் கெட்டிப்படும். நுரை அடங்க ஒரு இரவு ஃப்ரிட்ஜில் வை. கிளிசரின் இருப்பதால் விளக்குச் சூட்டில் சீக்கிரம் காயாது. இரண்டு நாளில் கெட்டுவிடும், ஆகவே படப்பிடிப்புக்கு முதல்நாள் செய்தால் போதும்.

குவார் கிடைக்காவிட்டால் ஜவ்வரிசி. எங்கள் ஊர் மரவள்ளிதான் அங்கே சாபுதாணா கிச்சடியாகிறது. ஊறவைத்து, நிறையத் தண்ணீர் விட்டு, கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்சி வடிகட்டு. நன்றாக ஆறிய பிறகே யார்மேலும் பூச வேண்டும்.

பச்சை நிறம் இரண்டு சொட்டுக்கு மேல் வேண்டாம். டார்ச்சைப் பேய்க்குப் பின்னால் வை. முன்னாலிருந்து அடித்தால் கஞ்சி. பின்னாலிருந்து அடித்தால்தான் எச்சில்.

எச்சிலைக் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்ளலாம் என்று உன் நண்பன் சொன்னானாமே. சோம்பேறி! உங்கள் புனேயில் பிரபாத் கம்பெனி 1936-ல் எடுத்த 'சந்த் துக்காராம்' படத்தில் துக்காராம் கருடன்மேல் ஏறி வைகுண்டம் போகிறார். கம்ப்யூட்டர் ஏது அப்போது? அந்த ஸ்டுடியோ இருந்த லா காலேஜ் ரோடு வளாகத்தில்தான் இன்று திரைப்படக் கல்லூரி நடக்கிறது. ஒருநாள் அவனையும் கூட்டிப்போய் வாசலையாவது காட்டு.

பேயாக நடிப்பவன் இதை விழுங்க வேண்டியதில்லை, உதட்டோரம் தடவினாலே போதும். மிச்சத்தைக் குழாய்ப் பொந்தில் கொட்டாதே, அடைத்துக்கொள்ளும். மாடியை அன்றைக்கே கழுவிவிடு. துணி காயப்போட வருகிற உன் அம்மா வழுக்கி விழுந்தால், பழி எனக்குத்தான் வரும்.

அன்புடன்,
மாமா