பழுதை மறையாமை

செட்டிநாட்டு ஊர்களுள் ஒன்று கீழச்சிவல்பட்டி. அந்நாட்டுப் பெருவீடுகள் ஒரு தெருவில் தலைவாயிலும் அடுத்த தெருவில் பின்வாயிலும் கொண்டு, முகப்பு, வளவு, கட்டுகள் என நீண்டு செல்வன. ஒரு வாயில் அடைபட்டாலும் மற்றொன்றன் வழியே உள்ளே புகலாம். இன்றைய இணையமும் இத்தகைய இருவாயில் வீடாகவே விளங்குகிறது.

இணையத்தில் சேரும் கருவிகளுக்கு முகவரி எண் இன்றியமையாதது. 1981ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற நான்காம் பதிப்பு நெறிமுறை ஏறத்தாழ 429 கோடி எண்களையே தர வல்லது. உலக மக்கள்தொகையோ 800 கோடியைக் கடந்துவிட்டது. உலகப் பொது இருப்பில் எஞ்சிய எண்கள் 2011 பிப்ரவரி 3ஆம் நாள் தீர்ந்தன. இந்நிலையை முன்னரே உணர்ந்த அறிஞர்கள் 1990களிலேயே ஆறாம் பதிப்பை வகுத்தனர். அது தரும் எண்களின் தொகையை எழுத 39 இலக்கங்கள் வேண்டும்.

ஆயினும், பழைய நெறிமுறையும் புதியதும் ஒன்றோடொன்று நேரே உரையாட இயலாதவை. ஆதலின் பல நிலையங்கள் இரண்டு வாயில்களையும் திறந்து வைத்தன. சில இடங்களில் புதிய வாயில் திறந்திருப்பதுபோலத் தோன்றினும் வழி அடைபட்டிருந்தது. மக்கள் பல நொடிகள் வீணே காத்திருந்தனர். இக்குறைகளை ஒளியாது கண்டறிய, 2011 ஜூன் 8 அன்று கூகுள், பேஸ்புக், யாகூ முதலிய நிறுவனங்கள் முன்னறிவித்து, ஒருநாள் முழுதும் புதிய வாயிலைத் திறந்து சோதித்தன. அதனாற்பெற்ற துணிவுடன் 2012 ஜூன் 6 முதல் அதனை நிலையாகத் திறந்தனர். இந்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையும் 2010இலேயே இம்மாற்றத்திற்குரிய திட்டத்தை வெளியிட்டது. ஆறாம் பதிப்பை மிகுதியாகப் பயன்படுத்தும் நாடுகளின் முன்வரிசையில் இன்று இந்தியா நிற்கிறது.

இருவழிகளையும் அடுத்தடுத்து முயன்று, முந்திக் கிடைப்பதைக் கொள்ளும் முறை வந்தது. மக்களின் காத்திருப்பு நீங்கியது. ஆனால் ஒரு தீங்கும் உடன் வந்தது. விருந்தினர் யாவரும் பின்வாயில் வழியே வந்துவிடின், தலைவாயிற் கதவு இறுகியதை வீட்டார் அறிவது எங்ஙனம்? பழுது மறைந்தே வளரும்.

கீழச்சிவல்பட்டி மாணவி ஒருத்தி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறாள் எனக் கொள்க. அவளது கைபேசியில் விண்ணப்பச் செயலி திறக்கவில்லை. தோழி வீட்டு இணைப்பில் திறக்கிறது. தன் வேலை முடிந்ததென்று அவள் வாளாவிருந்தால், வேறு இணைப்பில்லாத மற்றொரு மாணவி உதவித்தொகையை இழக்கக்கூடும். எந்நாளில், எக்கருவியில், எவ்விணைப்பில் தடைப்பட்டது, எதில் இயங்கிற்று என்று அவள் தெளிவாக எழுதி அறிவித்தால், செயலியுள் பழைய எண் நேராக எழுதப்பட்டிருந்ததைப் பொறியாளர் கண்டு திருத்துவர்.

குறையைச் சொல்வது பழித்தலன்று, கேட்பதும் இழிவன்று. கணக்கேட்டில் நட்டத்தை மறைக்கும் வணிகன் அதனை நீக்கும் வழியையும் மறைத்துக்கொள்கிறான். புதுமையை ஏற்பார் அதன் பழுதையும் வெளிப்பட உரைத்தலே பின்வருவோர்க்கு வழி திறக்கும் அறமாகும்.