தீவகத்தின் மலை: சைக்கிள் யாத்திரை பற்றிய சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

மலையும் கடலும் அடுத்தடுத்து நிற்கும் கரையோரங்களிலே, கூடாரத்தையும் போர்வையையும் சமையற் பாத்திரத்தையும் துவிச்சக்கர வண்டியிற் கட்டிக்கொண்டு, இருட்டிய இடத்திலே தங்கி, விடிந்ததும் புறப்பட்டு, நாட்கணக்காகச் சுற்றிவரும் பழக்கம் ஐரோப்பிய தேசங்களிலே நெடுங்காலமாக உள்ளது. அந்தப் பழக்கம், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் வழியாகவும், யாழ்ப்பாண நகரத்து வாலிபர்கள் வழியாகவும் இப்போது யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளாகிய எங்கள் தீவகத்துக்கு வந்துசேர்ந்திருப்பதைக் காண எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டாகிறது. ஆயினும், நாரந்தனையூடாகச் செல்லும் ஊர்காவற்றுறை வீதியிலே மூட்டை முடிச்சுகளோடு இறங்கி நின்று தண்ணீர் கேட்கும் அந்தப் பிள்ளைகளின் முகத்திலுள்ள களைப்பைப் பார்க்கும்போது, அவர்களுடைய தேகபலத்திலே குறையில்லை என்பதும், புறப்படுமுன் அவர்கள் காதில் விழுந்த சில அபிப்பிராயங்களே பிழையானவை என்பதும் நன்றாக விளங்குகின்றன. அவற்றுள் முக்கியமானவற்றை எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: தீவகம் தட்டை நிலம், ஏற்றமில்லை, ஆகையால் நினைத்த தூரம் போகலாம்.

கண்ணுக்குத் தெரிகின்ற அளவில் இது மெய்தான். ஒல்லாந்தர் லைடன் என்று பெயரிட்ட எங்கள் வேலணைத் தீவிலே, அல்லைப்பிட்டி, மண்கும்பான் பக்கத்து மணற்கும்பிகளைத் தவிர, மேடென்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. திருகோணமலையிலே கோணேசர் கோயில் நிற்கும் குன்றைப்போலக் கடலிலிருந்து செங்குத்தாக எழும் பாறை எதுவும் இப்பகுதியில் இல்லை. ஆனால், யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தின் வழியே ஆடி மாதத்துப் பிற்பகலிலே வருகின்ற ஒருவர், இரு மருங்கிலும் மரமோ மதிலோ இல்லாத அந்தக் கடல்வழித் தெருவிலே, பாடசாலைப் பிள்ளைகள் சைக்கிளை விட்டிறங்கி, தலையைக் குனிந்து, புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளிச் செல்வதைக் கண்டால், தட்டை நிலத்திலே அவர்கள் எந்த மலையின்மேல் ஏறுகிறார்கள் என்று ஒரு கணம் திகைக்கவே செய்வார்.

அந்த மலை காற்றினாலானது. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவரை மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று நேரே எதிர்க்குமானால், அவருடைய உடலின்மீது மோதும் காற்றின் வேகம் 35 ஆகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதாகையால், காற்றற்ற நாளிலே அவர் தாங்கிய தடையைப்போல ஐந்து மடங்குக்கு மேற்பட்ட தடையை அதே வேகத்திற் செல்ல அவர் வெல்லவேண்டியிருக்கிறது. ஆளும் வண்டியும் மூட்டையும் சேர்ந்து நூறு கிலோ எடையுள்ள ஒரு பிரயாணிக்கு இது, நூறு மீற்றருக்கு இரண்டரை முதல் மூன்று மீற்றர் வரை உயர்ந்துகொண்டே போகும் ஓர் ஏற்றத்துக்குச் சமானம். மலைச்சாலை ஏற்றத்துக்கு ஓர் உச்சி உண்டு. உச்சியை அடைந்தவருக்கு இளைப்பாறவும் இறக்கத்திலே கால்களை ஓயவிடவும் சந்தர்ப்பம் உண்டு. எதிர்க்காற்றுக்கு உச்சியென்பது கிடையாது. ஆகவே மலைநாட்டுக்குச் செல்பவர் வண்டியிலே எளிய கியர்களை வைத்துக்கொள்வதுபோலவே தீவகத்துக்கு வருபவரும் வைத்துக்கொள்வது விவேகம். அகன்ற மூட்டைகளை இரு பக்கமும் தொங்கவிடாமல், கரியரின்மேல் ஒடுக்கமாகவும் தாழ்வாகவும் கட்டுவது அதனிலும் விவேகம்.

இதனை ஒல்லாந்தரின் சொந்த நாடே உணர்ந்திருக்கிறது. மலையற்ற அந்தத் தேசத்திலே, சீலண்டு மாகாணத்தின் ஊஸ்டர்ஸ்கெல்டே வெள்ளத்தடுப்பு அணையின்மேல், புயற்காற்று வீசும் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, கியர் இல்லாத சாதாரணச் சைக்கிள்களில் எதிர்க்காற்றிலே எட்டரைக் கிலோமீற்றர் ஓடும் தேசியப் போட்டி ஒன்றை 2013ஆம் ஆண்டு முதல் நடத்திவருகிறார்கள். அந்த மாகாணத்தின் தலைநகரம் மிடல்பேர்க். அந்தப் பெயரைத்தான் ஒருகாலத்திலே ஒல்லாந்தர் எங்கள் புங்குடுதீவுக்குச் சூட்டினார்கள். புங்குடுதீவுக்குச் செல்லும் வாணர் தாம்போதியிலே சோளகக் காற்றுக்கு எதிராகச் சைக்கிள் மிதித்தவருக்கு அந்தப் பெயர்ப் பொருத்தம் தற்செயலாகத் தோன்றாது.

நம்பிக்கை: போகும்போது எதிர்க்கும் காற்று திரும்பும்போது தள்ளிவிடும், கணக்குச் சரியாகிவிடும்.

கணக்குச் சரியாவதில்லை. காற்றற்ற நாளிலே மணிக்கு 15 கிலோமீற்றர் செல்லக்கூடியவருக்குப் பத்துக் கிலோமீற்றர் போய்வர 80 நிமிஷம் போதும். எதிர்க்காற்றிலே அவருடைய வேகம் எட்டாகக் குறைந்து, திரும்புகையில் இருபதாக உயர்ந்தாலும், போவதற்கு 75 நிமிஷமும் வருவதற்கு 30 நிமிஷமுமாக 105 நிமிஷம் கழிகிறது. துன்பமான பகுதியிலே நெடுநேரமும் இன்பமான பகுதியிலே சிறிது நேரமுமே நாம் இருப்பதனால் வருகின்ற நஷ்டம் இது.

காற்றை வெல்ல முடியாதாயினும் அதனோடு உடன்படிக்கை செய்துகொள்ளலாம். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவது சோளகம், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான் என்று திசைக்கொரு பெயர் வைத்து, அதனதன் பருவத்தையும் குணத்தையும் கரையோரத்து மக்கள் பரம்பரையாக அறிந்து வைத்திருக்கிறார்கள். நெடுந்தீவுக் கடற்றொழிலாளரின் வாழ்க்கையைச் செங்கை ஆழியான் நாவலாக எழுதியபோது அதற்கு ‘வாடைக்காற்று’ என்றே பெயரிட்டது இவ்விடத்து வாழ்வோடு காற்றுக்குள்ள உறவை அறிந்ததனாலேயாகும். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகமே இங்கு வலிமை மிக்கது. அக்காலத்திலே வருபவர், யாழ்ப்பாணத்திலிருந்து நேரே பண்ணைப் பாலத்துக்கு வந்து காற்றின் வாயிற் புகாமல், வீடுகளும் வேலிகளும் பனங்கூடல்களும் காற்றை மறிக்கின்ற வட்டுக்கோட்டைப் பக்கத்து வீதிகளால் வடமேற்கே சென்று, பொன்னாலைப் பாலத்தைக் கடந்து காரைநகரை அடைந்து, அங்கிருந்து பாதையிலேறி ஊர்காவற்றுறைக்கு வந்து, கரம்பொன், நாரந்தனை, வேலணை வழியாகக் கிழக்கு நோக்கித் திரும்பினால், வெட்டவெளியான பண்ணைப் பாலத்தைக் காற்றை முதுகிலே வாங்கிக்கொண்டு கடக்கலாம். வாடைக் காலத்திலே இந்த வட்டத்தை அப்படியே மறுபக்கமாகச் சுற்றவேண்டும். எக்காலமாயினும் திறந்த கடற்பாதைகளை விடியற்காலையிலே கடந்துவிடுவது நல்லது. வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும்.

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலுள்ள அந்த ஒடுங்கிய நீரிணையை வாகனங்களும் சனங்களும் கடக்கும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்கிறோம். அதிலே நிற்கும்போது கண்ணுக்குத் தெரிகின்ற கடற்கோட்டை, போர்த்துக்கேயர் அமைத்து 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது. கரைக்கு வந்ததும் எதிர்ப்படும் கரம்பொன், உலகத் தமிழாராய்ச்சிக்கு வித்திட்ட தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்த ஊர். நாளொன்றுக்கு இத்தனை கிலோமீற்றர் என்று சபதம் செய்துகொண்டு வருபவர்கள் இவற்றையெல்லாம் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது எனக்கு மனவருத்தம் தருகிறது.

நம்பிக்கை: வீட்டுக்கு வீடு கிணறு இருக்கிற ஊரில் தண்ணீருக்கு என்ன குறை?

கிணறுகள் இருக்கின்றன, குடிக்கத்தக்க கிணறுகள் சில. தீவகத்திலே ஆறில்லை, அருவியில்லை. மாரியிலே பெய்கின்ற மழை சுண்ணாம்புக் கல்லினூடாகவும் மணலினூடாகவும் இறங்கி, தன்னிலும் பாரமான உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. அப்படலமே எங்கள் நன்னீர். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமிடத்தில் அதன் கீழே நாற்பதடி வரை நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. அந்த ஓரடி குறையுமானால் கீழேயிருந்து நாற்பதடி உவர்நீர் மேலெழும் என்பதுதான் இக்கணக்கின் மறுபக்கம். மாசியிலே இனித்த கிணறு ஆவணியிலே கரிப்பதும், ஒரே ஒழுங்கையிலே ஒரு வளவின் நீர் தேநீருக்கு உகந்ததாகவும் அடுத்த வளவின் நீர் குளிக்க மாத்திரம் உதவுவதாகவும் இருப்பதும் இதனாலேதான். வேலணைச் சாட்டிப் பக்கத்து மணற்பரப்பிலே நல்ல நீருண்டு. ஊருக்குள்ளே எது நல்ல கிணறு என்பதை ஊரவர்தான் சொல்லவேண்டும். அவர்கள் மறுக்கமாட்டார்கள். ஆனால், பல குடும்பங்கள் குடிநீரை விலைக்கு வாங்கியோ தூரத்திலிருந்து கொண்டுவந்தோ சேமித்து வைக்கின்ற கோடையிலே, வண்டியின் சேற்றைக் கழுவவும் பாத்திரம் துலக்கவும் அந்த நீரைக் கேட்பது தர்மமாகாது. நாளுக்கு ஆளுக்கு ஐந்து லீற்றருக்குக் குறையாமல் நகரத்திலிருந்தே நிரப்பிக்கொண்டு வருதல் வேண்டும். அந்த ஐந்து கிலோ பாரத்தையும் காற்றுக் கணக்கோடு சேர்த்துக்கொள்ளவும் வேண்டும்.

நம்பிக்கை: ஆளரவமற்ற கரை, எங்கேயும் கூடாரம் அடிக்கலாம்.

ஆளில்லாத வளவுகள் தீவகத்திலே ஏராளமாக உள்ளன. உரிமையாளர் இல்லாத வளவு ஒன்றேனும் இல்லை. யுத்தத்தினால் 1990களின் தொடக்கத்திலே இடம்பெயர்ந்து, பின்னர் கொழும்பிலும் கடல்கடந்த தேசங்களிலும் வேரூன்றிவிட்ட குடும்பங்களின் வீடுகள் அவை. கூரை போய், பூவரசு முளைத்து நிற்கும் அந்தச் சுவர்களுக்குள்ளே படுக்கை விரிப்பது மரியாதையன்று என்பதோடு, ஆபத்துமாகும்: கட்டு இடிந்து, பற்றையால் மூடுண்ட கிணறுகள் அவ்வளவுகளில் உண்டு, இரவிலே நடப்பவருக்கு அவை தெரியா. கரையிலே வெறுமையாகத் தோன்றும் மணல் கரைவலை இழுப்பவர்களின் பாடாக இருக்கலாம். விடியமுன் அவர்களுக்கு அந்த இடம் வேண்டும். காரைநகர் உட்படப் பல இடங்களிலே கடற்படையினரின் தளங்கள் இருப்பதனால், கரையோரத்திலே இரவில் விளக்கோடு காணப்படுபவர் விசாரிக்கப்படுவார். வடக்கிலே கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முடியவில்லையாகையால், எச்சரிக்கைப் பலகையோ நாடாவோ கண்ட நிலத்திலே காலே வைக்கலாகாது. இவ்வளவுக்கும் பரிகாரம் எளியது. பொழுது சாயுமுன் அவ்விடத்துக் கிராம அலுவலரையோ கோயில் அல்லது தேவாலய நிர்வாகத்தவரையோ கண்டு, யார், எங்கிருந்து, எத்தனை பேர் என்று சொல்லி இடம் கேட்டால், பெரும்பாலும் வீதியோர மணலைவிட நல்ல இடமும் ஒரு வாளி நல்ல தண்ணீரும் கிடைக்கும்.

இடம் கிடைத்தபின்பும் கவனிக்கவேண்டியவை உண்டு. பனையின் கீழ் நிழலென்று கூடாரம் அடிப்பவர்கள், பனை தருகின்ற நிழல் சொற்பம் என்பதையும், காற்றடிக்கும் இரவிலே அது உதிர்க்கின்ற காவோலையும், காலத்திலே விழுகின்ற பனம்பழமும் துணிக்கூரைக்கு அடங்கா என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். கூடாரத்து ஆணிகள் கல்நிலத்திலே இறங்கா, கடல்மணலிலே நில்லா. கல்நிலத்திலே கயிற்றைப் பாரக் கற்களிற் சுற்றிக் கட்டலாம்; மணலிலே சிறு பைகளை மணலால் நிரப்பி, கயிற்றை அவற்றின் நடுவிற் கட்டி, முழங்கையளவு ஆழத்திற் புதைத்தால் சோளகத்துக்கும் அசையாது.

மலேரியாவுக்கு அஞ்சி வருவோர் அந்த அச்சத்தை விட்டுவிடலாம். இலங்கை மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே அறிவித்துவிட்டது. டெங்கு இருக்கிறது, அதைப் பரப்பும் நுளம்பு பகலிலே கடிப்பது. பாம்பைப் பற்றிய பயமும் இடம் மாறியே நிற்கிறது. கூடாரத்துக்குள் பாம்பு வந்துவிடுமென்று பயந்து வெளியிலே பாய் விரிப்பவர்கள் உண்டு. நிலத்திலே திறந்த வெளியில் உறங்குபவர்களைத்தான் எட்டடி விரியன் இரவிலே தீண்டுகிறது, அதுவும் பலவேளைகளில் வலியே தெரியாமல். முழுதும் மூடப்பட்ட கூடாரமே அதற்குத் தக்க காவல். தீண்டிய சந்தேகமிருந்தால் கீறவும் கட்டவும் முயலாமல், 1990 இலக்கத்துக்கு அழைத்து வைத்தியசாலைக்குப் போவதே முறை.

நம்பிக்கை: இதற்கு வெளிநாட்டுச் சைக்கிள் வேண்டும்.

பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்தவர் விறகையும் நெல்மூட்டையையும் நோயாளிகளையும் சாதாரணச் சைக்கிள்களிலேயே ஏற்றிச் சென்றார்கள் என்பதை அறிந்த ஒருவர் இதனை நம்பமாட்டார். எளிய கியர் ஒரு சௌகரியமே. அது உள்ளூர்க் கடையில் வாங்கிய வண்டியிலும் இருக்கலாம். ஆடம்பரமான வண்டியின் உதிரிப்பாகம் ஊர்காவற்றுறையிலே கிடைக்காது, உள்நாட்டு லுமாலா சைக்கிளின் ரயரும் ரியூப்பும் கிடைக்கும். நெருஞ்சியும் உடைமுள்ளும் மலிந்த ஒழுங்கைகளிலே ஒட்டுப்போடும் சாமானும் பம்மும் இல்லாமல் இறங்குவது வீண். பாலங்களிலே தெறிக்கின்ற உவர்நீர் செயினை ஓரிரவிலே செந்நிறமாக்கிவிடும். ஈரத்துணியாற் துடைத்து, உலர்ந்தபின் எண்ணெயிடவேண்டும்.

நெடுந்தீவுக்குச் செல்ல விரும்புவோர்க்கு ஒரு விஷயம். புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கான கடல் கால்மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்டது. அங்குள்ள நாகபூசணி அம்மன் சந்நிதியிலிருந்து பசியோடு திரும்புபவர் இல்லை. நெடுந்தீவோ ஏறக்குறைய ஒருமணி நேரக் கடல்; சோளகம் மூர்க்கங்கொள்ளும் நாட்களிலே படகு நின்றுவிடுவதுமுண்டு. கட்டைக்குதிரைகளையும் பெருக்குமரத்தையும் பவளக்கல் வேலிகளையும் பார்க்கத் தைக்குப் பின், சித்திரை வெயிலுக்கு முன், மாசி, பங்குனியிலே வரலாம். கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்குச் சனங்கள் கடல் கடப்பதும் அந்தப் பருவத்திலேதான். அப்போதும் ஒருநாள் உணவை மேலதிகமாகக் கட்டிக்கொள்ளுங்கள். புழுக்கொடியலும் பனாட்டும் அடுப்பு வேண்டாதவை, வெயிலிற் பழுதாகாதவை. யாழ்ப்பாணச் சந்தையில் வாங்கிக்கொண்டே புறப்படலாம்.