ஒரே தேதியில் இரண்டு பில்

கம்ப்யூட்டரில் கணக்கு வைக்கும் வியாபாரிகள், புரோகிராம் எழுதித் தருபவரிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் 1998 முதல் 'ட்ரீமேப்' என்றொரு வசதி உண்டு. பேரேட்டில் பெயருக்கு நேரே பாக்கியை எழுதுகிறோம் அல்லவா? அதுபோல ஒவ்வொரு 'சாவி'க்கு நேரேயும் ஒரு விவரத்தை இது வைத்துக்கொள்ளும். எப்படி மாற்றிப் பதிந்தாலும் சாவி வரிசைப்படி தானே அடுக்கிவிடும். 1,000 பதிவுகள் இருந்தாலும் 20 தடவை ஒப்பிடுவதற்குள் தேடியதை எடுத்துத் தரும். தவணைத் தேதியைச் சாவியாக வைத்தால், 1-ம் தேதி முதல் 15-ம் தேதி வரை வரவேண்டியதை மட்டும் பிரித்துக் காட்டும்.

ஆபத்தும் இங்கேதான். ஒரு சாவிக்கு ஒரு விவரம்தான் நிற்கும். 10-ம் தேதிக்கு ஒருவரின் பாக்கி ரூ.8,000 பதிந்தபின், அதே தேதிக்கு இன்னொருவரின் ரூ.3,000 பதிந்தால் முன்னது அழிந்துவிடும், எச்சரிக்கையும் வராது. ரூ.8,000 கணக்கிலேயே இராது.

ஆகவே தேதியை முன்னும் பில் எண்ணைப் பின்னும் சேர்த்து ஒரே சாவியாக்கச் சொல்லுங்கள். புரோகிராமுக்குப் பணம் கொடுக்குமுன், ஒரே தேதியில் இரண்டு பில் போட்டு, இரண்டும் நிற்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.