வேலூர் 1806: எந்தக் கட்டை முதலில் பிரிப்பது?

முதுகலை வரலாறு படிக்கிறேன். 1806 வேலூர்ப் புரட்சி பற்றி அன்றைய ராணுவ அதிகாரிகள் எழுதிய கடிதங்களைப் பார்க்க லண்டனுக்குத்தான் போகவேண்டுமா?
– வாசகி, ஜமுனாமரத்தூர், ஜவ்வாது மலை

வேண்டாம் அம்மா! போளூருக்கு இறங்கி, சென்னைக்குப் பஸ் ஏறுங்கள். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அக்கால ராணுவத் துறைத் தொகுதிகள் இருக்கின்றன. கல்லூரியின் பரிந்துரைக் கடிதத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.

புரட்சி வெடித்த ஜூலை 10-இலிருந்து தொடங்காதீர்கள். மே மாதத்திலிருந்து படியுங்கள். ராணுவம் அணியச் சொன்ன புதிய தலைப்பாகையைச் சிப்பாய்கள் அப்போதே மறுத்துவிட்டார்கள். பிறகு, புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்த கில்லெஸ்பி, தளபதி கிரடாக், ஆளுநர் பென்டிங்க் ஆகியோரின் கடிதங்களைத் தேதிவாரியாகக் கோத்துப் பாருங்கள். பழைய கையெழுத்து இரண்டு நாள் மிரட்டும். மூன்றாம் நாள் பழகிவிடும். எழுதியவர்கள் வென்றவர்கள். அந்த வரிகளுக்கிடையே நம் சிப்பாய்களின் குரலைத் தேடி எடுங்கள். அதுதான் உங்கள் ஆய்வு.