கொலைக் கதைக்குள் சிரிப்பு வரலாமா?

கேள்வி: ஐயா, நெட்ஃபிளிக்ஸில் ‘பாவக் கதைகள்’ பார்த்தேன். மற்ற மூன்று கதைகளுக்கும் அழுதேன். ‘லவ் பண்ணா உட்றணும்’ மட்டும் சிரிக்க வைத்தது. “ஆணவக் கொலையில உனக்கு என்ன சிரிப்பு?” என்று அக்கா கோபித்துக்கொண்டார். இருண்ட தொடருக்குள் நகைச்சுவை வருவது தப்பா? அதை நன்றாகச் செய்தவர்கள் உண்டா?

— ஒரு வாசகி, ஜெலாப்பாங், ஈப்போ

பதில்: தப்பே இல்லை அம்மா. தெருக்கூத்தில் திரௌபதியின் துகிலை உரியும் இரவிலும் கட்டியங்காரன் வந்து அரசனையே கிண்டல் செய்கிறான். சிரித்த கூட்டம்தான் சற்று நேரத்தில் அழுகிறது.

ஆனாலும் உங்கள் அக்காவின் கோபத்தில் நியாயம் உண்டு. 2020 டிசம்பரில் வந்த அந்தத் தொகுப்பில், விக்னேஷ் சிவன் இயக்கிய இந்தக் கதை நல்ல இடத்தில்தான் தொடங்குகிறது. ஊருக்கு முன்னால் சாதி மறுப்புத் திருமணத்தை ஆதரிக்கும் பெரிய மனிதர். அவர் மகள் காதலித்ததும் அவள் உயிரே போகிறது. இப்படிப்பட்ட இரட்டை வேடத்தைச் சிரிப்பால் உரித்துக் காட்டலாம். இரட்டைச் சகோதரிகளாக அஞ்சலி நடித்திருக்கிறார். இன்னொரு மகள் சிநேகிதர்களோடு ஊருக்கு வந்ததும் கதை குழப்பமும் கூத்துமாக ஓடுகிறது. அந்த ஓட்டத்தில், செத்துப்போனவளை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அப்பா மனம் மாறி உற்சாகமாக முடியும்போது அவள் சாவுக்கு யார் பதில் சொன்னது? என்னை உறுத்தியது அதுதான்.

இதை மிக நன்றாகச் செய்தவர் என்று நான் கொண்டாடுவது அமெரிக்கத் தொலைக்காட்சி எழுத்தாளர் டேரின் மார்கனை. ‘எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொடருக்குள் அவர் முதலில் நுழைந்தது நடிகராக. 1994இல் ஒரு எபிசோடில் ரப்பர் உடைக்குள் புகுந்து சாக்கடைப் பிராணியாக வந்தார். அண்ணன் க்ளென் மார்கன் அந்தத் தொடரின் எழுத்தாளர்களில் ஒருவர். அடுத்த ஆண்டே தம்பியும் எழுதத் தொடங்கினார். ‘க்ளைட் ப்ரக்மன்ஸ் ஃபைனல் ரிபோஸ்’ எபிசோடுக்காக 1996இல் எம்மி விருது வாங்கினார். யார் எப்படிச் சாவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும் ஒரு மனிதர், அதிலும் அவர் காப்புறுதி விற்பவர்! வயிறு குலுங்கச் சிரிக்கலாம். ஆனால் சாவைத் தவிர எதையும் காண முடியாதவருக்கு வாழ்க்கை எவ்வளவு பாரம் என்பதை மார்கன் ஒரு நிமிடம்கூட மறப்பதில்லை. முடிவு நெஞ்சை அறுக்கும். அந்த வேடத்தில் நடித்த பீட்டர் பாய்லுக்கும் எம்மி கிடைத்தது.

‘மில்லேனியம்’ இன்னும் இருண்ட தொடர். கொலைகாரர்களின் மனக்கண்ணில் படுவது தன் கண்ணிலும் படும் ஃப்ராங்க் ப்ளாக் என்ற மனிதரைப் பற்றியது. அதற்காக 1998இல் மார்கன் எழுதி இயக்கிய எபிசோட் ‘சம்ஹவ், சேட்டன் காட் பிஹைண்ட் மீ’. நடுராத்திரி மாமாக் கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் பெரியவர்களைப் போல, ஒரு டோனட் கடையில் நான்கு கிழட்டுப் பேய்கள் கூடுகின்றன. மனிதர்களைக் கெடுத்த கதைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொள்கின்றன. ஒரு பேய் பெரிதாக எதுவும் செய்வதில்லை. தினம் தினம் ஒரே மாதிரி நகரும் வாழ்க்கையின் சலிப்பை வைத்தே ஒருவனை அழிக்கிறது. அதைப் பார்த்துச் சிரிக்கும்போதே நம் அன்றாடம் நினைவுக்கு வந்து பயம் தட்டுகிறது. நான்குமே எங்கோ ஓரிடத்தில் ஃப்ராங்கைச் சந்தித்தவை. அவற்றின் உண்மை உருவம் தெரிந்த ஒரே மனிதர் அவர். ஒரு பெண்ணிடம் அன்பு கொண்டு, பிறகு தானே அவளை உதறிய பேயைப் பார்த்து, ‘உனக்கு எவ்வளவு தனிமை’ என்ற பொருளில் ஒரே வரி பேசுகிறார். அதைக் கேட்டதும் நான்கு பேய்களும் வாயடைத்துப் போகின்றன.

மார்கன் கதையில் சிரிப்பை மூட்டுவதும் கண்ணீரை வரவழைப்பதும் அந்தத் தனிமைதான். தொடரின் இருட்டை அவர் குறைக்கவில்லை; இதுவரை யாரும் நிற்காத பக்கத்தில் நின்று அதைக் காட்டினார். ‘லவ் பண்ணா உட்றணும்’ கதையிலும் சிரிப்பு முழுவதும் அந்த அப்பாவின் பொய்யைச் சுற்றியே வந்திருந்தால் உங்கள் அக்காவும் சேர்ந்து சிரித்திருப்பார், பிறகு அழுதிருப்பார்.

முதலில் ‘க்ளைட் ப்ரக்மன்’ பாருங்கள். எக்ஸ்-ஃபைல்ஸ் மூன்றாம் சீசனில் நான்காவது எபிசோட். முன்கதை தெரியாமலே புரியும். பேய்களின் கதை மில்லேனியம் இரண்டாம் சீசனில் 21ஆவது. அதற்கு முன் அந்தத் தொடரின் வழக்கமான எபிசோட் இரண்டையாவது பார்த்துவிடுங்கள். ‘க்ளைட் ப்ரக்மன்’, பேய்களின் கதை இரண்டிலும் தற்கொலை வருகிறது. அக்காவோடு உட்கார்ந்து பார்ப்பதானால் முன்பே சொல்லிவையுங்கள்.