பழைய பொருளை விற்போரும் வாங்குவோரின் தொல்லையும்

கேமரா, மீன் தொட்டி, தபால்தலைத் தொகுப்பு, பாட்மிண்டன் மட்டை என்று ஆசைப்பட்டு வாங்கியவற்றை, ஆசை தீர்ந்தபின் கைப்பேசியில் படமெடுத்து இணையத்தில் விலைபோட்டு விற்கும் வழக்கம் நம் வீடுகளிலும் வந்துவிட்டது. இதற்கு மார்க்கத்தில் தடையில்லை. ஆனால் விற்கப் போனவர்கள் நம்மிடம் சொல்லும் முறையீடு ஒன்றுதான்: "வாங்க வருகிறவர்கள் படுத்தும் பாடு தாங்க முடியவில்லை, ஹஜ்ரத்!" பாதி விலைக்குக் கேட்கிறார்கள், வருகிறேன் என்று சொல்லி வராமலிருக்கிறார்கள், வாங்கிப் போய் ஒரு வாரம் கழித்துப் பழுது என்று திருப்பிக் கொண்டு வருகிறார்கள். இவர்களிடம் எப்படி நடந்துகொள்வது?

முதலில் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். தொல்லை தருகிறவரெல்லாம் அநியாயக்காரர் அல்லர். அவர் கேட்பது அவருடைய ஹக்காகவும் இருக்கலாம். நபி (ஸல்) அவர்களிடம் தமக்கு வரவேண்டிய ஒட்டகத்தைக் கேட்டு ஒருவர் கடுமையாகப் பேசினார். ஸஹாபாக்கள் அவர்மீது கோபங்கொண்டு எழுந்தபோது, ஹக்குடையவருக்குப் பேச இடமுண்டு என்று அவர்களைத் தடுத்து, அவருக்குரியதைவிட மேலான ஒட்டகத்தையே வாங்கிக் கொடுக்கச் செய்தார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி. ஆகவே குரல் உயர்ந்தது என்பதற்காக ஹக்கு இல்லாமற் போய்விடாது.

பேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குறைத்துக் கேட்பது அவர் இஷ்டம், மறுப்பது உங்கள் இஷ்டம். "கட்டாது" என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் யாரும் கேட்காத விலையை "நேற்றே ஒருவர் கேட்டுவிட்டார்" என்று சொல்வது பொய். சிநேகிதரை விட்டு விலையை ஏற்றிக் கேட்கச் செய்வதோ ஹதீஸில் தடுக்கப்பட்ட 'நஜ்ஷு'. இருவரும் விலைக்கு ஒத்துக்கொண்ட பிறகு மூன்றாமவர் நுழைந்து கூட்டிக் கேட்பதும் தடுக்கப்பட்டதே. நீங்களும் அதற்கு இடங்கொடுக்கலாகாது. வருகிறேன் என்று சொல்லி இழுத்தடிப்பவரிடம், "நாளை அஸருக்குள் வராவிட்டால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வக்து கடந்தபின் உங்கள்மீது குற்றமில்லை.

இங்கேதான் பலர் முன்பணம் வாங்கி வைத்து, ஆள் வராவிட்டால் அதை எடுத்துக்கொள்கிறார்கள். இது சாதாரண விஷயமல்ல. பொருளை வாங்காவிட்டால் முன்பணம் விற்பவருக்கே என்ற ஒப்பந்தம் ஹனஃபி, ஷாஃபிஈ, மாலிகீ மத்ஹபுகளில் செல்லாது. ஹன்பலீ மத்ஹபில் மட்டும் அனுமதியுண்டு. நம் மக்கள் பெரும்பாலும் முந்திய இரண்டைப் பின்பற்றுகிறவர்கள். எனவே அந்த ஐந்நூறோ ஆயிரமோ அவர் பணம். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாங்காமலேயே இருப்பது அதைவிட நிம்மதி. (இன்னொன்று: பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு கட்டப் படத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடச் சொல்பவர் வாங்குகிறவரே அல்லர், திருடர். யு.பி.ஐ.யில் பணம் பெற ரகசிய எண் தேவையேயில்லை.)

அடுத்தது, பார்க்காமல் விற்பது. ஷாஃபிஈ மத்ஹபின் பலமான சொற்படி, குறிப்பிட்ட ஒரு பொருளைப் பார்க்காமலே வாங்கும் வியாபாரம் நிறைவேறாது. ஹனஃபியில் நிறைவேறும், ஆனால் நேரில் பார்த்தவுடன் வேண்டாம் என்று சொல்லும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. கைப்பேசியில் பேசியதை வாக்குறுதியாக மட்டும் வைத்துக்கொண்டு, பொருளைக் கையில் கொடுத்துப் பார்க்கவிட்டு அங்கேயே வியாபாரத்தை முடிப்பது இரு மத்ஹபுக்கும் பேணுதல். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு வேண்டாம் என்கிறாரே" என்று கோபிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனிப் பெரிய பிரச்சினையான பழுதுக்கு வருவோம். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் கேமராவின் லென்ஸுக்குள் பூஞ்சை படர்வது சகஜம். விற்பவர் அதை அறிந்தே, "இருப்பது இருந்தபடி, பிறகு கேட்கக் கூடாது" என்று ஒரு வரி எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறார். அந்த வரி அவரைக் காக்குமா?

இப்னு உமர் (ரலி) அவர்கள், குறைகளுக்குத் தாம் பொறுப்பல்ல என்ற நிபந்தனையோடு ஓர் அடிமையை 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். வாங்கியவர் நோய் இருக்கிறது என்று உஸ்மான் (ரலி) அவர்களிடம் வழக்குக் கொண்டுபோனார். விற்கும்போது இந்நோயை அறியவில்லை என்று சத்தியம் செய்யும்படி உஸ்மான் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து அடிமையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவர் குணமடைந்தபின் 1500 திர்ஹத்துக்கு விற்றார்கள் என்று முவத்தாவில் காணப்படுகிறது.

ஷாஃபிஈ மத்ஹபில் அந்நிபந்தனை, உயிர்ப்பிராணியில் விற்பவர் அறியாத உள்குறைக்கு மட்டுமே பயன்படும். தீனி தின்று கொண்டிருக்கும்போதே பிராணிக்குள் நோய் மறைந்திருக்கலாம் அல்லவா? ஆக, லவ்பேர்ட்ஸ் விற்பவருக்குக் கிடைக்கும் சலுகை கேமரா விற்பவருக்கு இல்லை! ஹனஃபியில் எல்லாக் குறைக்கும் அந்நிபந்தனை செல்லும். எனினும் அறிந்ததை மறைத்த பாவம் எந்த மத்ஹபிலும் நீங்காது. நனைந்த தானியத்தை அடியில் வைத்திருந்த வியாபாரியிடம், மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதை நாம் அறிவோம். பூஞ்சையுள்ள பகுதியையே முதற்படமாகப் போடுங்கள். சச்சரவு செய்யக்கூடியவர் பாதிப் பேர் அதிலேயே விலகிவிடுவர். மிஞ்சுகிறவர் தெரிந்து வாங்குகிறவர். பிறகு அதைக் காட்டித் திருப்ப அவருக்கு வழியில்லை.

நீங்கள் அறியாத பழுது ஒன்றைக் கொண்டு வந்தால்? அது உங்களிடமே இருந்தது என்று தெளிவானால், அந்நிபந்தனை உங்களைக் காக்காத இடத்தில் திருப்பி எடுக்கக் கடமைப்பட்டவர் நீங்கள். ஆனால் அவரும் பழுதைக் கண்டவுடன் சொல்லியிருக்க வேண்டும். கண்டபிறகும் கல்யாண வீட்டில் படமெடுத்து முடித்துவிட்டு வந்தால் அந்த உரிமை போய்விடும். பழையதா புதியதா என்று நிச்சயிக்க முடியாவிட்டால் விற்பவரின் சொல் சத்தியத்தோடு ஏற்கப்படும்.

பழுதே இல்லை, மனம் மாறிவிட்டது என்று வருகிறவருக்கு ஹக்கு இல்லை. மறுத்துவிட்டால் பாவமில்லை. ஏற்றுக்கொண்டால் அதற்கு 'இகாலா' என்று பெயர். அப்படி ஏற்பவருடைய தவறுகளை அல்லாஹ் மன்னிப்பான் என்று அபூதாவூதில் ஹதீஸ் வந்திருக்கிறது. ஆனால் இகாலா என்றால் வாங்கிய தொகையை முழுதாகத் திருப்ப வேண்டும். 10,000 ரூபாய்க்கு விற்றதை 9,000 ரூபாய் கொடுத்துத் திரும்ப எடுப்பது இகாலா ஆகாது. குறைத்துத்தான் எடுக்க முடியும் என்றால், இது புதிய வியாபாரம் என்று சொல்லி, அவர் மனமொப்பிச் சம்மதித்தபின் விலை பேசி வாங்கிக்கொள்ளலாம்.